இறங்கும்போதும் கயிறு

பனியாற்றில் ஸ்கீ போட்டுப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பனிக்கு அடியில் மறைந்திருக்கும் பிளவுக்குள் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க, ஏறும்போது எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொள்வார்கள். உச்சிக்கோ கணவாய்க்கோ போய்ச் சேர்ந்ததும், ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்கின் என்ற பட்டையை உரித்து மடித்து வைத்துவிட்டு, கயிற்றையும் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போய்விடுவார்கள். காலையில் எந்தப் பனியை நம்ப முடியாது என்று கட்டிக்கொண்டு ஏறினோமோ, மதியம் அதே பனியின் மேல் கட்டில்லாமல் இறங்குகிறோம். நடுவில் அந்தப் பனி மாறியிருந்தால் வெயில் பட்டு இளகித்தான் இருக்கும், இறுகியிருக்காது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கூட வருகிறவர்களும் அப்படித்தான் செய்வார்கள். அதனால் இதில் கேள்வி கேட்க ஏதும் இருப்பதாக ரொம்ப நாள் தோன்றவில்லை. போன மே மாதம் அலாஸ்காவில் ரூத் பனியாற்றில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்ததிலிருந்து இது மனதை விட்டுப் போக மறுக்கிறது.

வழக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பனிப்பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலத்தின் மேல் வெறும் பூட்ஸோடு நிற்பவரின் எடை முழுவதும் இரண்டு பாதத்தின் அளவில் இறங்குகிறது. ஸ்கீயில் நிற்பவரின் எடை ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளத்துக்குப் பரவிவிடுகிறது. இறங்கும்போது வேகமும் சேர்ந்துகொள்கிறது. குறுகலான பிளவாக இருந்தால், பாலம் இளகுவதற்குள் ஆள் அந்தப் பக்கம் போயிருப்பார். அப்புறம், கயிற்றில் கட்டிக்கொண்டு ஸ்கீ ஓட்டுவது உண்மையிலேயே கஷ்டம். முன்னால் போகிறவர் திரும்பும்போது பின்னால் இருப்பவரும் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் இழுத்துத் தள்ளிவிடும். சரிவு செங்குத்தாக இருந்தால் இன்னும் மோசம்: ஒருவர் சறுக்கினால் கட்டியிருக்கும் எல்லோரும் போவார்கள். 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறி முடித்து இறங்கியபோது நடந்தது அதுதான். ஒரே கயிற்றில் ஏழு பேர். ஒருவர் வழுக்கினார், நான்கு பேர் போனார்கள். மற்ற மூவரும் தப்பித்தது நடுவில் கயிறு அறுந்ததால். ஆக, கயிறு என்றாலே பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் மனம் ஏன் ஆறவில்லை என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ரூத்

டால்கீட்னா என்ற அலாஸ்கா ஊரிலிருந்து சிறிய விமானத்தில் போனோம். சக்கரத்தோடு ஸ்கீயும் பொருத்திய விமானம், நேராகப் பனியில் போய் இறங்கும். வட அமெரிக்காவிலேயே உயரமான டெனாலி மலையின் தெற்குப் பக்கத்தில் டான் ஷெல்டன் ஆம்ஃபிதியேட்டர் என்ற பரந்த பனிவெளி இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பனியாறுகளில் விமானத்தை இறக்கிப் பேர்பெற்ற விமானி ஷெல்டன். 1966-இல் அங்கே ஒரு பாறைத் திட்டின் மேல் அவர் கட்டிய சிறு குடில் இன்னமும் நிற்கிறது. விமானம் எங்களை விட்டுவிட்டுத் திரும்பியதும், ஸ்லெட்டில் மூட்டைகளைக் கட்டி இழுத்துக்கொண்டு பள்ளத்தாக்கின் வாய்வரைக்கும் போய்க் கூடாரம் போட்டோம். நாங்கள் மூன்று பேர். அலாஸ்கா மலைகளில் பல வருடம் சுற்றிய மூத்த நண்பர் ஒருவர், அவரை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு தோழி. அப்புறம் நான்.

அங்கிருந்து தெற்கே பார்த்தால் இரண்டு பக்கமும் கருங்கல் சுவர்கள். டிக்கி மலையின் கிழக்கு முகம் மட்டும் 1,500 மீட்டருக்கும் மேல் நிமிர்ந்து நிற்கிறது. சுவர்களுக்கு நடுவே பனியாறு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மீட்டர் நகர்கிறது. பனிக்கட்டியின் ஆழம் அங்கே 1,100 மீட்டரைத் தாண்டுகிறது. ஆனால் பிளவுகள் அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. மேலே இருக்கும் பனிக்கட்டி இழுபடும்போது விரிசல் விடுகிறது. கீழே போகப் போக அழுத்தம் கூடி, பனிக்கட்டியே மெல்ல இளகி ஓடி விரிசலை மூடிவிடுகிறது. அதனால் சாதாரணமாக ஒரு பிளவு முப்பது, நாற்பது மீட்டர்தான் இருக்கும். விழுகிறவருக்கு அதுவே போதும்.

கூடாரம் போடும் வேலையை அண்ணா அவசரப்பட விடமாட்டார். யாரும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. முதலில் புரோப் என்ற நீளக் கம்பியைப் பனியில் இறக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். கம்பி இறங்க இறங்கக் கைக்கு ஒரே மாதிரி தடை தெரிந்தால் சரி. திடீரென்று தடையே இல்லாமல் போனால் அடியில் வெற்றிடம். ஒரு காலடி விட்டு ஒரு காலடி, ஒரு கட்டம் போல முழு இடத்தையும் குத்திப் பார்த்து, சுற்றிலும் மூங்கில் குச்சி நட்டு எல்லை வைத்தோம். குச்சிக்கு உள்ளே கயிறு வேண்டாம், வெளியே ஒரு எட்டு வைத்தாலும் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் ரம்பத்தால் பனியைக் கட்டி கட்டியாக அறுத்துச் சுவர் எழுப்பினோம். ஸ்கீக்களைப் பனியில் படுக்க வைத்துப் புதைத்து, அதில் கூடாரக் கயிறுகளைக் கட்டினோம். உணவுப் பைகளை ஒரு மீட்டர் ஆழத்துக்கும் கீழே புதைத்தோம். உயிரே இல்லாதது போல் தெரியும் அந்த வெள்ளைக்குள்ளும் அண்டங்காக்கைகள் வந்து தோண்டி எடுத்துவிடும். மலத்துக்குப் பச்சை நிற டப்பா, டால்கீட்னாவில் ரேஞ்சர் நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். பனியாற்றில் எதைப் புதைத்தாலும் அது நகர்ந்துகொண்டே போய் என்றைக்காவது கீழே வெளியே வந்துவிடும்.

இத்தனை கவனமாகக் கூடாரம் போடுகிற நாங்கள், டிக்கியில் ஏறிவிட்டு ஸ்கீயில் இறங்கும்போது மட்டும் கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு வரப்போகிறோம் என்பது அன்றைக்கே எனக்குள் உறுத்தியது. தங்கும் இடத்தில் ஒவ்வொரு அடியையும் குத்திப் பார்த்தோம். பல கிலோமீட்டர் இறக்கத்தில் எந்த அடியையும் பார்க்கப்போவதில்லை.

கூடாரத்துக்குள் நடந்த பேச்சு

மறுநாள் காற்று வந்தது, கூடவே பனியும். வெளியே போகிற வேலை கூடாரத்தின் மேல் சேரும் பனியை வாரிப் போடுவதோடு முடிந்தது. மீதி நேரம் முழுக்க அடுப்புதான். தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும். பாத்திரத்தில் வெறும் பனியைப் போட்டுப் பற்றவைத்தால் அடிப்பிடித்த வாசனை வந்துவிடும். அதனால் முந்தைய தண்ணீரில் ஒரு வாய் அளவுக்கு எப்போதும் மிச்சம் வைப்போம். அடுப்பு பனிக்குள் இறங்கிவிடாமல் இருக்க அடியில் ஒரு பலகை. மூன்று பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் உருக்கி முடிப்பதற்குள் மணிக்கணக்கில் ஆகும், அத்தனை நேரமும் பேச்சு ஓடும்.

தோழி நவோமி உவேமுராவைப் பற்றிச் சொன்னாள். 1970-இல் டெனாலியில் முதன்முதலாகத் தனியாக ஏறி இறங்கிய ஜப்பானியர். கூடக் கட்டிக்கொள்ள ஆள் இல்லாததால் நீளமான மூங்கில் கழிகளை உடம்போடு கட்டிக்கொண்டு நடந்தார். பிளவில் கால் போனால் கழிகள் இரண்டு கரையிலும் மாட்டித் தாங்கும் என்ற கணக்கு. 1984 பிப்ரவரியில், குளிர்காலத்தில் தனியாக உச்சியைத் தொட்டுவிட்டு இறங்குகிற வழியில் காணாமல் போனார். இதுவரை உடல் கிடைக்கவில்லை. "யாருமே இல்லாதவர் மூங்கிலையாவது கட்டிக்கிட்டார். நாம மூணு பேர் இருந்தும் அவிழ்த்துடறோம்" என்றாள்.

அண்ணா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பிரான்ஸில் ஷாமோனிக்குப் பக்கத்தில் இருக்கும் வாலே பிளான்ஷ் பனியாற்று இறக்கத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆயிரக்கணக்கான பேர் கயிறு இல்லாமல்தான் இறங்குகிறார்கள் என்றார். உண்மைதான். ஆனால் 1950-இல் அன்னபூர்ணா உச்சியை முதன்முதலாகத் தொட்ட இருவரில் ஒருவரான லூயி லாஷ்னால் இறந்ததும் அதே வாலே பிளான்ஷில்தான். 1955 நவம்பர் 25, ஸ்கீயில் இறங்கும்போது பனி மூடியிருந்த பிளவுக்குள் விழுந்தார். ஷாமோனியில் வழிகாட்டியாக வாழ்ந்தவர், அந்தப் பனியாற்றை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அண்ணாவுக்கும் இது தெரியும். "நவம்பர்ல பாலமெல்லாம் இன்னும் கெட்டியாகியிருக்காது. மே மாசம் வேற" என்றார். அதுவும் சரிதான். குளிர்காலம் முழுக்க விழுந்த பனி இறுகி, பாலங்கள் வலுவாக இருக்கும் காலம் வசந்தத்தின் தொடக்கம். அண்ணா சொன்ன ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. அதுதான் எனக்குக் குழப்பமாகவும் இருந்தது.

கணவாயில்

வானம் வெளுத்த பிறகு டிக்கிக்குக் கிளம்பினோம். ரூத் பக்கம் செங்குத்துச் சுவராக நிற்கிற அதே மலைக்கு மேற்கே ஸ்கீ ஓட்டக்கூடிய சரிவு இருக்கிறது. அதற்கு 747 கணவாய் வழியாகப் போக வேண்டும். கணவாய்க்கு ஏறும் பகுதியில்தான் பிளவுகள். பனியாறு மேட்டைத் தாண்டி வளையும் இடங்களில் மேல்தோல் இழுபட்டு, வரிசை வரிசையாக விரிந்து கிடக்கிறது. திறந்திருப்பதைப் பார்த்து விலகிப் போகலாம், மூடியிருப்பதுதான் பிரச்சினை. 40 மீட்டர் கயிற்றில் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, நடுநடுவே முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தோம். யாராவது விழுந்தால் முடிச்சு பிளவின் விளிம்புப் பனியில் புதைந்து இழுவையைக் குறைக்கும். பிளவுகள் ஓடும் திசைக்குக் குறுக்காகவே போனோம். அவற்றுக்கு இணையாகப் போனால் மூன்று பேரும் ஒரே பாலத்தின் மேல் நிற்கிற நிலைமை வந்துவிடும்.

கணவாய்க்கு மேலே பிளவுகள் குறைவு, சரிவு அதிகம். அங்கே கயிற்றை அவிழ்த்து அண்ணா பையில் வைத்துக்கொண்டார். 2,909 மீட்டர் உச்சியில் கொஞ்ச நேரம் நின்றோம். இறங்கும்போது மேல் சரிவு அருமையாக இருந்தது. காற்று அழுத்திய பனியின் மேல் இரண்டு விரல் கடை அளவுக்குப் புதுப்பனி, ஸ்கீ திரும்பும்போதெல்லாம் புஸ்ஸென்று எழும்பியது. அங்கே கயிறு கட்டியிருந்தால் ஆபத்துதான் கூடியிருக்கும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கணவாய்க்கு வந்து சேர்வதற்குள் மேகம் இறங்கிவிட்டது. இருட்டும் இல்லை, வெயிலும் இல்லை. நிழலே விழாத ஒரு வெளிச்சம். மேடும் பள்ளமும் ஒரே வெள்ளை. காலையில் நாங்கள் போட்ட தடத்தின் மேல் காற்று பனியை நிரப்பியிருந்தது. பத்து மீட்டருக்குத் தெரிந்தது, அப்புறம் இல்லை. அண்ணா தடம் போன திசையைக் கம்பால் காட்டி, "இதையே பிடிச்சு மெதுவா இறங்கிடலாம். கட்டிக்கிட்டா இந்த வெளிச்சத்துல ஒருத்தரை ஒருத்தர் இழுத்துத் தள்ளிக்கிட்டேதான் போகணும்" என்றார். நான் தலையாட்டத் தயாராக இருந்தேன்.

தோழி ஒன்றே ஒன்று கேட்டாள். "கயிறு இப்போ யார் பையில இருக்கு, அண்ணா?"

அவர் பையில்தான் இருந்தது. வழி தெரிந்தவர் என்பதால் முதலில் போகப்போகிறவரும் அவர்தான். "அப்போ நீங்க உள்ளே போயிட்டா, கயிறும் உங்களோட போயிடும். நாங்க மேலே என்ன வெச்சுக்கிட்டு நிக்கறது?"

அண்ணா பதில் சொல்லவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டுக் கயிற்றை வெளியே எடுக்க ஆரம்பித்தார்.

அது வரைக்கும் கூடாரத்துக்குள் நாங்கள் பேசியதெல்லாம் விழுவோமா மாட்டோமா என்பதைப் பற்றித்தான். ஸ்கீ எடையைப் பரப்பும், வேகம் தாண்ட வைக்கும், மே மாதம் பாலம் கெட்டி. விழாமல் இருப்பதற்கான காரணங்கள் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. அவள் கேட்டது விழுந்த பிறகு என்ன என்று. கட்டியிருந்தால், விழுந்தவர் விளிம்புக்குக் கீழே சில மீட்டரில் தொங்குவார். மேலே இருக்கும் இருவரில் ஒருவர் எடையைத் தாங்க, மற்றவர் ஒரு ஸ்கீயைப் பனியில் குறுக்காகப் புதைத்து நங்கூரமாக்கி, கப்பி மாட்டி, இழுக்கும் பலம் மூன்று மடங்காகும்படி கயிற்றை ஓட்டி இழுத்து மேலே கொண்டுவரலாம். நேரம் பிடிக்கும், கை மரத்துப் போகும், ஆனால் செய்யக்கூடிய வேலை. கட்டாமல் விழுந்தால் இருபது, முப்பது மீட்டர். கீழே போகப் போகப் பிளவு ஒடுங்கும், அங்கே போய் இறுகிச் சிக்கிக்கொள்வார். உடம்புச் சூட்டில் பனிக்கட்டி உருக உருக இன்னும் கீழே நழுவுவார். மேலே இருப்பவர்களிடம் கயிறே இல்லாவிட்டால், உதவிக்கு அழைத்துவிட்டு வானம் தெளியும்வரை விளிம்பில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. விழுவதற்கான வாய்ப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதற்குப் பிறகு மற்ற இருவர் கையில் இருப்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கட்டிக்கொண்டு இறங்கினோம். அழகான இறக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. ஸ்கீ முனைகளை உள்பக்கம் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஊர்ந்து போகிற வேகத்தில். கணவாய்க்குக் கீழே வழி எனக்கும் நினைவிருக்கிறது என்று சொல்லித் தோழி முன்னால் போனாள். எடை குறைந்தவளும் அவள்தான். அண்ணா கடைசியில், கயிறு தொய்யாமலும் இறுகாமலும் பார்த்துக்கொண்டார். அவள் "திரும்பறேன்" என்று கத்தினால் மூன்று பேரும் சேர்ந்து திரும்புவோம். நடுவில் இருந்த எனக்கு முன்கயிறு ஒரு பக்கம் இழுக்க, பின்கயிறு ஸ்கீயின் மேல் வந்து விழ, அதைக் கம்பால் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. முன்னால் தரை இருக்கிறதா என்று தெரியாதபோது அவள் பனியை உருட்டி எறிந்து பார்த்தாள். உருண்டை விழுந்து உருண்டால் அங்கே சரிவு இருக்கிறது என்று தெரியும்.

பாதி இறங்கியிருப்போம். அவள் நின்றாள். கம்பைத் தலைகீழாகப் பிடித்து முன்னால் குத்தினாள், கைப்பிடி இருக்கும் பக்கம் முழங்கை வரைக்கும் போனது. புரோப்பை நீட்டி இறக்கினாள். ஒரு மீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் கம்பி சட்டென்று இலகுவாகி உள்ளே நழுவியது. தடையே இல்லை. அவள் திரும்பிக் கத்தியது "பின்னாடி" என்ற ஒரே சொல். அண்ணா ஏற்கெனவே கயிற்றை இறுக்கியிருந்தார். பக்கவாட்டில் ஏறி, இடது பக்கமாக வெகுதூரம் விலகி, குத்திக் குத்திப் பார்த்துக் கடந்தோம். மறுநாள் வெயிலில் கூடாரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தபோது அந்த இடத்தில் ஒரு நீளமான பள்ளக்கோடு தெரிந்தது, லேசான நீல நிழலோடு. காலையில் ஏறும்போது அதே பிளவின் வேறொரு பகுதியைத்தான் தெரியாமலே கடந்திருக்கிறோம்.

எதுவும் நிரூபணம் ஆகவில்லை

அன்று இரவு அண்ணா சொன்னது: "வேகமா வந்திருந்தா அதைத் தாண்டியிருப்போம்." யோசித்துப் பார்த்தால் அதுவும் நடந்திருக்கக்கூடியதுதான். ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனான பாலம் ஸ்கீயில் போகிற ஒருவரைத் தாங்கியிருக்கலாம். நாங்கள் கட்டிக்கொண்டு வந்ததால் யாருடைய உயிரும் காப்பாற்றப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த விஷயம் மனதில் ஆறாமல் கிடப்பதற்கு அதுவே காரணம் என்று இப்போது தோன்றுகிறது. கட்டாமல் இறங்கி நல்லபடியாக வந்து சேர்ந்த நாளில் கீழே என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவதே இல்லை. பாலம் கெட்டியாக இருந்ததா, இன்னும் ஒரு கிலோ கூடியிருந்தால் இடிந்திருக்குமா, பனி சொல்வதில்லை. வருடக்கணக்கில் இறங்கியவர் சேர்த்து வைத்திருக்கும் நம்பிக்கையில் இப்படிச் சோதித்தே பார்க்காத பாலங்கள் எத்தனையோ இருக்கும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. கயிற்றை அவிழ்க்க நாம் சொல்லும் காரணங்கள் எல்லாம் எடை, வேகம், பருவம் என்று அறிவியலாகவே இருக்கின்றன. ஆனால் அவிழ்க்க வைப்பது பெரும்பாலும் ஆசைதான். மணிக்கணக்கில் ஏறியது அந்தச் சில நிமிட இறக்கத்துக்காக. எனக்கும் அந்த ஆசை உண்டு, அதில் தப்பொன்றும் இல்லை. டிக்கியின் மேல் சரிவில் கிடைத்த திருப்பங்களை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆசையை ஆசை என்றே எடுத்து வைத்துப் பேசினால் முடிவு வேறு மாதிரி வரும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதைக்கு நான் எடுத்திருக்கும் நிலை இது. செங்குத்தான, பிளவு குறைந்த சரிவில் கயிறு வேண்டாம். வெளிச்சம் தெளிவாக இருந்து, பனி இறுகியிருந்து, ஏறிய தடம் கண்ணுக்குத் தெரிந்தால், பிளவுப் பகுதியிலும் இடைவெளி விட்டு அந்தத் தடத்தை ஒட்டியே கட்டாமல் இறங்கச் சம்மதிப்பேன். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கட்டிக்கொள்ள வேண்டும், திருப்பங்கள் போனால் போகட்டும். கட்டாவிட்டாலும், கயிற்றை மாட்ட இடுப்பில் போட்டிருக்கும் ஹார்னஸைக் கழற்றக் கூடாது. இரண்டு கயிறு வேண்டும், ஒன்று முதல் ஆளிடம், ஒன்று கடைசி ஆளிடம். எதைப் பற்றி வாதாடினாலும் இந்தக் கடைசி விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

அண்ணா இரண்டு கயிற்றுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றதில் அவர் கருத்து அப்படியேதான் இருக்கிறது, வெளிச்சத்தைப் பார்த்து அந்த இடத்தில் முடிவு செய்வோம் என்கிறார். அடுத்த மே மாதம் பிகா பனியாற்றுக்குப் போவதாக இருக்கிறோம். எடை கூடக் கூடாது என்று தோழி 6 மில்லிமீட்டர் கயிறு இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள், ஒவ்வொன்றும் 30 மீட்டர். அவ்வளவு மெல்லிய கயிற்றில், கயிற்றைச் சுற்றிப் பிடிமானமாகப் போடும் பழைய புரூசிக் முடிச்சு வழுக்கும், பழைய கப்பிகளில் சிலவும் பிடிக்காது. பனிக்கட்டி ஒட்டிய கையுறையோடு அதை இழுக்க முடியுமா என்பதும் இனிமேல்தான் தெரியும். கிளம்புவதற்கு முன்னால் பிளவில்லாத ஒரு சரிவில், மூட்டையைத் தொங்கவிட்டு மூன்று பேரும் மாறி மாறி இழுத்துப் பார்க்க வேண்டும்.